பின்தங்கிப் பாடிய இருவர்

சலவைக் கடையின் பின்னறையில் எப்போதும் ஆவி நிற்கும். தேய்ப்பு இயந்திரத்தின் மூடியை இறக்கும்போதெல்லாம் புஸ்ஸென்று ஒரு வெள்ளை மேகம் கிளம்பி, விளக்கைச் சுற்றி வந்து, தொங்கும் கோட்டுகளுக்கு நடுவே எங்கேயோ போய்க் காணாமல் போகும். அந்த மேகத்துக்குள் உட்கார்ந்துதான் அவள் கறை எடுப்பாள். துவைக்க இயந்திரம் இருக்கிறது, தேய்க்க ஆள் இருக்கிறது. கறை மட்டும் நேரே அவள் மேசைக்கு வரும். துணியை விளக்கடியில் விரித்து, முகர்ந்து பார்த்து, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்து, "இது காபி. இது குழந்தை கக்கினது. இது அந்த ஆள் சொன்ன மாதிரி மை இல்ல, வேற" என்று சொல்லிவிடுவாள். கடை முதலாளியம்மாவுக்கு அவளிடம் கொஞ்சம் பயம்கூட உண்டு. அவள் எதிரில் முதலாளியம்மா நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு சாப்பிடுவதில்லை.

அன்று மதியம் அவள் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை வைத்துக்கொண்டு தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கறை போய் ரொம்ப நேரமாச்சு," என்றாள் முதலாளியம்மா கதவருகே நின்று. "இனிமே தேய்ச்சா சட்டைதான் போகும். கிளம்பு நீ. உன் நாய்ங்க காத்துக்கிட்டு இருக்கும்."

நாய்கள் என்றது ஏளனம் இல்லை. அந்தக் குழுவின் பெயரே 'ஈர நாய்கள்'தான். நான்கு பேர் கொண்ட ராக் குழு. அவளும் அவள் அண்ணனும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, பிறகு பாடகரும் டிரம்ஸ்காரரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டதில் கலைந்துபோனவர்கள். சண்டை எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தது போலச் சொல்கிறவர்கள் மட்டும் நிறைய. இப்போது தலை நரைத்து, தொப்பை போட்டு, முட்டி தேய்ந்த பிறகு நால்வரும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். அவள் அவர்களை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஆசைப்பட்ட வயதில் வீட்டில் விடவில்லை. தன் இஷ்டத்துக்குப் போகக்கூடிய வயது வந்தபோது குழுவே இல்லை.

சந்தோஷத்தில் கை ஓடவில்லை என்றால் அது ஒரு கதை. அவளுக்கு இருந்தது வெறும் சந்தோஷம் இல்லை. டிக்கெட்டை அனுப்பியது அண்ணன்.

அண்ணன் கடல் தாண்டி ஒரு நாட்டில் லிஃப்ட் மெக்கானிக். அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. "விமானத்துல இடம் கிடைக்கலை" என்று ஃபோனில் சொன்னான். கறையை முகர்ந்தே கண்டுபிடிக்கிறவளுக்குக் கூடப் பிறந்தவன் குரலில் பொய் தெரியாதா? பச்சைப் பொய் என்று அந்த நிமிடமே தெரிந்தது. அன்று ஃபோனை வைத்தவள்தான். அதன் பிறகு அவன் அழைப்பை எடுக்கவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனும் ஓய்ந்துவிட்டான். இப்படியே மூன்று வருடம் ஓடிப்போன பிறகு, போன மாதம் அவள் ஃபோனுக்கு ஒரு டிக்கெட் வந்தது. கூடவே ஒரு வரி: 'பக்கத்து சீட் என்னுது.'

முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினாள். ஏன் வரவில்லை என்று முகத்துக்கு நேரே ஒரே ஒரு தடவை கேட்பாள். அவன் மறுபடியும் அந்தப் பொய்யைச் சொன்னால் எழுந்து வந்துவிடுவாள், பாட்டு பாதியில் இருந்தாலும் சரி. அதோடு அண்ணன் என்று ஒருவன் அவளுக்கு இல்லை. அவன் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதை அவள் யோசித்தே பார்க்கவில்லை.

அவள் கணவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகளை எல்லாம் வீடு சேர்த்துவிட்டு, காலி வண்டியோடு கடை வாசலில் வந்து நின்றார். சின்னப் பிள்ளைகளுக்கான குட்டி இருக்கையில் முட்டியை மடக்கி உட்கார்ந்தாள். வண்டி முழுக்கப் பென்சில் சீவிய வாசனை. யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றை ஷூ, வண்டி திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருக்கள் நிதானமாக விலகிப் போயின. தெரிந்த ஊர்தான், தினமும் பார்க்கிற மருந்துக் கடையும் பேருந்து நிறுத்தமும்தான்; ஆனாலும் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம், தூக்கத்தில் வருகிற ஊர் போல இருந்தது.

"அந்த நாலு பெரிய மனுஷங்களே சேர்ந்துட்டாங்க," என்றார் கணவர் சாலையைப் பார்த்தபடி. "உங்க ரெண்டு பேருக்கும் என்னவாம்?"

"நான் பாட்டு கேட்கத்தான் போறேன்."

"அது சரி. பாட்டு கேட்கப் போறவ மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

இறங்கும்போது அவர், "திட்டணும்னா நல்லா திட்டிடு. எழுந்து மட்டும் வந்துடாதே. அப்புறம் அந்தக் கோபத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து என்கிட்டதான் காட்டுவே," என்றார். கதவைச் சாத்திக்கொண்டு பெரிய மஞ்சள் வண்டி கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போனது.

திறந்தவெளி அரங்கம். மாலை வெயில் ஒரு பக்கத்து இருக்கைகளில் மட்டும் மிச்சம் இருந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் நனைந்த நாய் படம் போட்ட பழைய பனியனைப் போட்டிருந்தார்கள். அந்தக் கால அளவு, இந்தக் கால வயிறு. நாய் எல்லார் வயிற்றிலும் நன்றாகச் சாப்பிட்ட நாய் போலத் தெரிந்தது. கைத்தடி ஊன்றி ஒருவர் வந்தார். பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். எல்லார் முகத்திலும் ஒரே களை. யாரைப் பார்த்தாலும் தெரிந்தவர் போல இருந்தது. அவள் படிகளில் இறங்கி நடந்தபோது கால் தரையில் பாவவில்லை.

அண்ணனை முதலில் பின்னாலிருந்துதான் பார்த்தாள். உச்சியில் முடி உதிர்ந்து வட்டமாகச் சொட்டை. ஒரு கணம், என்றோ இறந்துபோன அப்பாதான் உட்கார்ந்திருக்கிறாரோ என்று நினைத்து நின்றுவிட்டாள். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருப்பவன் போல இரண்டு கையையும் முட்டியின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டியா, பொடிசு," என்றான்.

பொடிசுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது.

"ம்."

"தண்ணி வேணுமா?"

"வேணாம்."

"வெயில் இருக்குல்ல."

"இருக்கட்டும்."

இருவரும் மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு நாற்காலிக்கும் நடுவே இருந்த கைப்பிடியில் யாருமே கை வைக்கவில்லை. இப்போதே கேட்டுவிட வேண்டியதுதான் என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். 'அண்ணா' என்று வாயைத் திறக்கவும், அரங்கமே எழுந்து நிற்கவும் சரியாக இருந்தது.

நால்வரும் வந்தார்கள். ஓடி வரவில்லை, குதித்து வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக, தண்ணீருக்குள் நடக்கிறவர்கள் போல வந்தார்கள். டிரம்ஸ்காரருக்கு ஒரு படி ஏறுவதற்குப் பாடகர் கை கொடுத்தார்; அதற்கே கூட்டம் அழாத குறையாகக் கத்தியது. கடையில் பார்த்த கேசட் அட்டைப் படத்தில் மழையில் சொட்டச் சொட்ட நனைந்து நின்ற நான்கு பையன்களை அவள் இந்த மனிதர்களுக்குள் தேடினாள். நாய்கள் காய்ந்துவிட்டன என்று அவளுக்குத் தோன்றியது. பாடகர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கீழே எதையோ படித்தார், பிறகு கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் அட்டைப் படத்தில் இருந்த அதே சிரிப்பு.

முதல் கிதார் ஒலி எழுந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடமாகப் பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த சத்தம், இப்போது காற்றில் ஏறி, நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியது. கோபத்தை எங்கே வைத்தாள் என்று ஒரு நிமிடம் அவளுக்கே தெரியவில்லை.

'விளக்கை அணைக்காதே, வந்துகொண்டே இருக்கிறேன்.' அவர்களுடைய பேர்போன பாட்டு. மொத்தக் கூட்டமும் ஒரே குரலாக எடுத்தது. அவளும் வாயைத் திறந்தாள். 'விளக்கை' என்று அவள் ஆரம்பிப்பதற்குள் கூட்டம் 'வந்துகொண்டே'வுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த வரியைப் பிடித்தாள். அதிலும் பிந்திவிட்டாள். எல்லாரும் வரியை முடித்துவிட்டு நிற்க, அவள் குரல் மட்டும் தனியே இழுத்துக்கொண்டு கடைசி வண்டி போல வந்து சேர்ந்தது.

அப்போதுதான் கவனித்தாள். தனியே இல்லை. பக்கத்தில் இன்னொரு குரலும் பிந்தியது. அவள் எவ்வளவு பிந்தினாளோ அதே அளவு, மயிரிழை கூடாமல் குறையாமல், அண்ணன் பிந்திக்கொண்டிருந்தான்.

இது உலகத்தில் அவர்கள் இருவருக்கு மட்டுமே வரக்கூடிய கோளாறு. அப்பா எங்கேயோ பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒரு கேசட் பெட்டி வாங்கி வந்தார். போட்டுக் கேட்கலாம், பதிவு செய்ய முடியாது. வானொலியில் ஈர நாய்களின் கச்சேரி வருகிறது என்று தெரிந்ததும், மாமாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய ரெக்கார்டரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, வானொலிக்கு முன்னால் வைத்து, மூச்சுக்கூட விடாமல் பதிவு செய்தார்கள். மாமாவின் ரெக்கார்டர் நல்ல ரெக்கார்டர். அப்பாவின் பெட்டிக்குத்தான் உள்ளே கேசட்டைச் சுழற்றுகிற ரப்பர் பட்டை தளர்ந்து போயிருந்தது. அது மெதுவாக ஓடியது. வானொலியில் ஒரே ஒரு தடவை கேட்ட வேகம் நினைவில் நிற்காததால் அது யாருக்கும் தெரியவில்லை. அதனால் அந்த வீட்டில் ஈர நாய்கள் எல்லாப் பாட்டையும் அரைத் தூக்கத்தில் நடக்கிறவர்கள் போலப் பாடினார்கள். பாடகருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். கிதார் ஒவ்வொரு சத்தத்தையும் யோசித்து யோசித்து இறக்கி வைக்கும். அண்ணனும் தங்கையும் கட்டிலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, அந்த வேகத்திலேயே வளர்ந்தார்கள்.

பிறகு அண்ணன் தொழிற்படிப்புக்கு வெளியூர் போனான். அங்கே ஒரு கேசட் கடையில் அதே பாட்டு ஓடியது. உள்ளே போய், "உங்க மெஷின் கெட்டுப்போச்சு, கன்னாபின்னான்னு ஓடுது, பாருங்க" என்று கடைக்காரருக்குப் புத்தி சொல்லியிருக்கிறான். அடி விழாததுதான் பாக்கி. அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஃபோன் செய்து, "பொடிசு, நாம கேட்டதெல்லாம் தப்பு. நிஜத்துல அவங்க ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி பாடுறாங்க," என்றான். அவள் அழுதே விட்டாள். பிறகு இருவருமாகப் பேசி, தப்பு உலகத்தின் மேல்தான் என்று தீர்த்துக்கொண்டார்கள். இப்போதும் ஃபோனில் வேகத்தைக் குறைத்துவைத்துத்தான் அவள் அந்தப் பாட்டைக் கேட்பாள். நாக்குக்கு அந்த வேகம்தான் தெரியும்.

முன்வரிசையில் பேத்தியோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் சீக்கிரம் பாடுங்கம்மா," என்றார், கோபமில்லாமல், வழி சொல்கிறவர் போல.

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணனின் தோள் குலுங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். சிரித்துவிட்டால் போச்சு, கேள்வி கரைந்துவிடும். அவன் அதற்குத்தான் இந்த இடத்துக்குக் கூப்பிட்டானோ என்னவோ. மேடையில் பாடகர் மறுபடியும் 'வந்துகொண்டே இருக்கிறேன்' என்றார், பக்கத்தில் அண்ணனும் பிந்தி அதையே பாடினான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு இவன் இந்த வரியைப் பாடுகிறான் என்று அவளுக்குச் சுருக்கென்றது. அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

வெயில் போய்விட்டிருந்தது. வானம் கழுவி விட்ட நீலமாக இருந்தது. மேடை விளக்குகளில் புகை ஏறி, நால்வரும் கொஞ்சம் தெரிந்தும் கொஞ்சம் தெரியாமலும் நின்றார்கள். இரண்டு மூன்று பாட்டுகள் வந்துபோயின. அவள் எதையும் எண்ணவில்லை. ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்த பாட்டை முந்திக்கொண்டு ஓடியது. அவள் தன்னுடைய பாட்டை உள்ளுக்குள் மெதுவாக ஓடவிட்டாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. ஓர் இடத்தில் தனக்குப் பதினைந்து வயது என்றே நினைத்தாள். கால் கட்டிலில் இல்லாமல் தரையில் இருப்பது வேடிக்கையாக இருந்தது.

பிறகு 'மழை நின்ற பிறகு' வந்தது. இயல்பிலேயே நிதானமான பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிட, கிதார் மட்டும் தனியாகப் போகும். கிதார்காரரின் விரல்கள் முன்னைப் போல ஓடவில்லை; ஓடாததால் பாட்டு இன்னும் நிதானமாகி, அவர்களுடைய கட்டில் வேகத்துக்கே வந்து சேர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனும் அசையாமல் இருந்தான். அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

அவர்கள் கேசட்டில், அந்த இடத்தில், அம்மா இருந்தாள்.

பதிவு செய்த அன்று சத்தம் வரக்கூடாது என்று கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். சரியாகக் கிதார் தனியே போகும்போது, அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டி, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க! எத்தனை தடவை கூப்பிடுறது? எல்லாம் ஆறிப்போகுது!" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது. அப்பாவின் பெட்டியில் போட்டபோது அம்மாவும் மெதுவாகத்தான் வந்தாள். சளி பிடித்த ஆம்பளை மாதிரி கட்டைக் குரலில். "இது நானா? எருமை இருமுற மாதிரி இருக்கு! அழிங்க அதை!" என்று அம்மா குதித்தாள். பெட்டிதான் மெதுவாக ஓடுகிறது என்று அப்போதும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பதிவில் குரல் அப்படித்தான் வரும் என்று நான்கு பேரும் நம்பினார்கள். அதன் பிறகு அந்தப் பாட்டை வேறு எங்கே கேட்டாலும் அண்ணனுக்கும் தங்கைக்கும் அந்த இடம் வெறிச்சென்று இருக்கும். கிதார் வாசிப்பதே அம்மா வருவதற்கு இடம் விட்டுத்தான் என்று அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

கிதார் அந்த இடத்துக்கு வந்தது. அரங்கம் முழுதும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அண்ணன் மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், குரலைத் தாழ்த்தி, சளி பிடித்த ஆம்பளை மாதிரி ஆரம்பித்தான்.

"ரெ...ண்டு... பே...ரும்..."

முன்வரிசைக்காரர் திரும்பினார். அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. "சாப்...பிட... வா...ங்க," என்றார்கள் இருவரும். "எத்...தனை... தட...வை... கூப்...பிடுறது..." ஒரு எழுத்து பிசகவில்லை. "எல்லாம்... ஆறிப்..." என்கிற இடத்தில் அண்ணனின் குரல் உடைந்தது. மிச்சத்தை அவள் ஒருத்தியாக முடித்தாள்.

முடித்ததும் கேட்டாள். "ஏன் வரலை?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "விமானத்துல இடம்..."

அவள் கைப்பிடியில் கையை ஊன்றினாள். பாதி எழுந்துவிட்டாள்.

"கிடைச்சுது," என்றான் அவன் அவசரமாக. "கிடைச்சுது, பொடிசு. உட்காரு. இடம் கிடைச்சுது. விமான நிலையத்துக்குப் போனேன். பெட்டியெல்லாம் போட்டாச்சு. ஏற வேண்டிய கதவுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் ஏறினாங்க. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. காதுல நல்லா விழுந்துச்சு. எழுந்திருக்கலை."

"எதுக்கு?"

"வந்தா அம்மா செத்தது நிஜமாயிடும்ல. வரலைன்னா... அம்மா அவ பாட்டுக்கு வீட்டுல இருப்பா. நான்தான் ஊருக்குப் போகாம இருக்கேன்னு ஆயிடும். இப்பவும் எனக்கு அப்படித்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா கை தானா ஃபோனுக்குப் போகுது. அசிங்கம்தான். வேற காரணம் எதுவும் இல்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். முகர்ந்து பார்க்கத் தேவையில்லாத உண்மை. உண்மை சொன்னால் மன்னித்துவிடலாம் என்று அவள் ஒருநாளும் நினைத்திருக்கவில்லை. ஆனால் உண்மை சொன்னால் இவ்வளவு கோபம் வரும் என்றும் நினைத்திருக்கவில்லை.

"உனக்கு அம்மா வீட்டுல இருக்கா, இல்ல?" என்றாள். "நல்லா இரு. அப்ப எனக்கு மட்டும்தான் செத்தாளா? ஆஸ்பத்திரியில நான்தான் இருந்தேன். எடுக்கும்போது நான்தான் நின்னேன். பையன் எங்கே, பையன் எங்கேன்னு வந்தவங்க எல்லாம் என்னைத்தான் பிடுங்கி எடுத்தாங்க. நீ அங்க அம்மாவை உயிரோட வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. நான் இங்க ஒத்தை ஆளா அழுதுக்கிட்டு இருக்கேன், இன்னிவரைக்கும்!"

அந்த நேரம் பார்த்து மேடையில் டிரம்ஸ் இடிபோல இறங்கியது. இருப்பதிலேயே வேகமான பாட்டு. அரங்கம் மொத்தமும் குதித்தது, நாற்காலிகள் அதிர்ந்தன, பேத்தி தாத்தாவின் தோளில் கையைத் தூக்கி ஆடியது. அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் ஆடுகிற கால்கள், மேலே நிறம் மாறி மாறி விழுகிற வெளிச்சம். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அண்ணன் அவள் காதருகே குனிந்தான். "சொல்லு," என்றான்.

"என்னத்தை?"

"எல்லாத்தையும். கடைசி நாள் எப்படி இருந்தா? எனக்கு ஒண்ணுமே தெரியாது. யாரும் சொல்லலை. நான் கேட்கவும் இல்ல."

அவள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கணவரிடம்கூட அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். இப்போது, அந்த இரைச்சலில், அவன் காதில் வாயை வைத்துச் சொன்னாள். காலையில் படுக்கை விரிப்பை இறுக்கிச் செருகியதற்காக நர்ஸம்மாவை அம்மா ஒரு பிடி பிடித்ததைச் சொன்னாள். பிறகு அம்மா தலை வாரிவிடச் சொன்னாள், வாரினால் வலிக்கிறது என்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். மதியம் நினைவு தப்பித் தப்பி வந்தது. அப்போது அம்மா அவனைத் தேடிக் கேட்டாள்.

"என்ன கேட்டா?"

"நீ லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டா. 'பையன் உள்ள இருக்கான், வர முடியாம தவிக்கிறான், யாராவது கதவைத் திறந்து விடுங்களேன்'னா. திறந்தாச்சும்மா, வந்துக்கிட்டே இருக்கான்னேன். 'இருட்டா இருக்குமே, பயந்துடுவானே'ன்னா. அதான் கடைசியாப் பேசினது. அப்புறம் பேசலை. என் விரலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. சாயங்காலம் பிடி விட்டுச்சு."

அண்ணன் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"அந்தப் பச்சை உடுப்புதான் போட்டுவிட்டோம்," என்றாள். "நீ அனுப்பினது. முன்னால ஒரு காபிக் கறை இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். எத்தனை வருஷமா இந்த வேலை செய்றேன், அன்னிக்கு அந்தச் சின்னக் கறை எனக்கு வரலை. போகவே மாட்டேங்குது. விடியற வரைக்கும் உட்கார்ந்து எடுத்தேன்."

அவன் வாய் திறந்துகொண்டது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு உடம்பு முழுவதும் ஒரு தடவை தூக்கிப் போட்டது. அண்ணன் ஓவென்று அழுதான். சாவு வீட்டு வாசலில் செய்தி கேட்டு ஓடி வந்தவன் எப்படி அழுவானோ அப்படி, வெட்கமில்லாமல், "அம்மா, அம்மா" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதான். டிரம்ஸ் அடித்த அடியில் யார் காதிலும் அது விழவில்லை. முன்வரிசைக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, பேத்தியைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டு, அவர்களை மறைத்தாற்போல் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார்.

அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்பாவுடையது போலச் சொட்டை விழுந்த அந்த உச்சியைத் தடவிக் கொடுத்தாள். அம்மா போன அன்று எத்தனையோ பேர் வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், கட்டிக்கொண்டார்கள், கூடவே அழுதார்கள். அவர்கள் எல்லாம் ஒரு சித்தியை, ஒரு பெரியம்மாவை, பக்கத்து வீட்டுக்காரியை இழந்தவர்கள். அம்மாவை இழந்த ஆள் ஒருத்தர்கூட வரவில்லை. அவள் இத்தனை நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது அந்த ஒரு ஆளுக்காகத்தான் என்று அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. இப்போது அவளும் அழுதாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, இன்னொருவரோடு சேர்ந்து, ஒரே துக்கத்தை அழுதாள்.

"இவ்வளவு நாளா உனக்கு, வந்து சேர?" என்றாள் அவன் காதுக்குள்.

அவன் அவள் தோளிலிருந்து முகத்தை எடுக்காமல், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.